ஞாயிற்றுக்கிழமை இல்லாத வீடு

பொற்கொடி வீட்டில் ஆறு ஆண்டுகளாக வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தெருப்பிள்ளைகள் பல் தேய்க்காமல் திரியும் நேரத்தில், அந்த வீட்டுக் கூடத்தில் கணக்கு வகுப்பு தொடங்கிவிடும். மாணவி ஒருத்தி, ஆசிரியை ஒருத்தி. மத்தியானம் இரண்டரை மணிக்கு இன்னொரு ஆசிரியர் வருவார். அவர் வருவது கத்தாரிலிருந்து, போன் வழியாக. அவருக்கு வாரத்தில் வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் ஓய்வு. ஆகவே அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அன்றைக்குத்தான் ஓய்வு.

ஊர் ஆலங்குடிக்குக் கிழக்கே ஆறு கிலோமீட்டரில், தார்ச்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. வீடுகள் நாற்பத்தேழு. அந்த ஊரில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைத்தது பொற்கொடி ஒருத்திதான். அவள் அப்படி முடிவெடுத்துச் செய்தாள் என்று சொல்வது சரியாக இருக்காது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது மகள் ஹரிணி ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். தோப்பில் நின்ற நூற்றுப் பதினெட்டுத் தென்னையில் ஒன்பது மிஞ்சின. சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் பள்ளி வேன் வரவில்லை. இருபத்தேழு நாள் கரண்ட் இல்லை. அந்த இருபத்தேழு நாளும் பகல் வெளிச்சம் இருக்கும்வரை பொற்கொடி மகளை வாசற்படியில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுத்தாள். அவள் பி.எஸ்சி. கணக்கும் பி.எட்.டும் முடித்தவள். தகுதித் தேர்விலும் தேறியவள். வேலைதான் வரவில்லை. எழுத்துக்கூட்டத் தெரியாமல் இருந்த பிள்ளை, கரண்ட் வந்த அன்றைக்கு நிவாரணப் பொருள் கட்டிவந்த பத்திரிகைத் தாளைத் தடங்கலில்லாமல் வாசித்தது. மறுநாள் வேன் வந்து ஹாரன் அடித்தபோது பிள்ளை அழுதாள். இந்த ஒரு வாரம் போகட்டும் என்று பொற்கொடி வேனைத் திருப்பி அனுப்பினாள். அந்த ஒரு வாரம் ஆறரை வருடம் நீண்டது.

கணவன் உதயசூரியன் 2019 பிப்ரவரி 8ஆம் தேதி திருச்சியில் விமானம் ஏறினான். தோஹாவில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை. முதல் நான்கு மாதம் தினம் ஒரு போன் வரும். சாப்பிட்டியா, மழை உண்டா, பாப்பா என்ன செய்யுது, சரி வச்சிரட்டா. மூன்று நிமிடம், மிஞ்சினால் நான்கு. அதற்குமேல் பேச இருவருக்கும் ஒன்றும் இருக்காது. உள்ளதைச் சொல்லப் போனால் ஒருவர் அழவேண்டிவரும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஜூன் 10ஆம் தேதி அவன் வழக்கத்துக்கு மாறாக மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வீடியோ காலில் வந்தான். ஹரிணி கூட்டல் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் போனைத் திருப்பித் தான் கட்டிக்கொண்டிருந்த சாரத்தைக் காட்டி, ஒரு தட்டுக்கு எட்டுக் குழாய் என்றால் அஞ்சு தட்டுக்கு எத்தனை என்று கேட்டான். பிள்ளை திரையில் விரல் வைத்து எண்ணி நாற்பது என்றாள். மறுநாள் பத்து நிமிடம் முன்னதாகவே நோட்டும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அதற்கு 'அப்பா பீரியடு' என்று பெயர்.

இரண்டரையிலிருந்து மூன்று பத்துவரை நாற்பது நிமிடம். நீளம், கோணம், எடை என்று தொடங்கி, மணல்காற்று ஏன் வருகிறது, கிரேன் கவிழாமல் எப்படி நிற்கிறது, நேபாளிகள் ஒன்றிலிருந்து இருபதுவரை எப்படி எண்ணுவார்கள் என்று அந்த வகுப்பு எங்கெங்கோ போகும். பொற்கொடியின் நோட்டுக் கணக்குப்படி, 2025 மே மாதம்வரை நடந்தவை ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு வகுப்புகள். அவன் ஊருக்கு வந்தது மூன்று முறை. நாற்பத்தைந்து நாள், நாற்பத்தைந்து நாள், நாற்பத்தொரு நாள்.

வகுப்பு நடக்கும்போது பொற்கொடி குறுக்கே பேசமாட்டாள். அடுப்படி வாசலில் கீரையோ வெங்காயமோ எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாற்பது நிமிடமும் அவன் குரல் வீட்டில் இருக்கும். சிரிப்பான், அதட்டுவான், இருமுவான். சில நாள் பாடத்துக்கு நடுவே, "அம்மா எங்க?" என்பான். ஹரிணி திரும்பாமலே, "இங்கதான் இருக்காங்க" என்பாள். அது போதும் அவளுக்கு. ஆனால் அந்த இரண்டரை மணிக்கு முன்னால் குளித்து, சேலை மாற்றி, தலைவாரிக்கொள்வதை அவள் ஒருநாளும் விட்டதில்லை.

கொரோனாக் காலத்தில் ஊரே வீட்டில் படித்தது. எதிர்வீட்டுச் சந்தனமேரியின் மகள் பிளெஸ்ஸியும் இன்னும் மூன்று பிள்ளைகளும் பொற்கொடியிடம் வந்து உட்கார்ந்தார்கள். பிளெஸ்ஸிக்கும் ஹரிணிக்கும் ஒரே வயது. முதல்முறையாக ஹரிணிக்குப் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் கிடைத்தது. யார் முதலில் முடிப்பது என்று போட்டி போட்டார்கள், சண்டை போட்டார்கள், ஒரே ரப்பரை இரண்டாக வெட்டிக்கொண்டார்கள். 2021 நவம்பர் 1ஆம் தேதி பள்ளி திறந்ததும் நால்வரும் ஒரே நாளில் போய்விட்டார்கள். பொற்கொடியை டீச்சர் என்று கூப்பிடும் பழக்கம் மட்டும் தெருவில் மிஞ்சியது. அன்றைக்கு ஹரிணி அழவில்லை. அதனால் தாய்க்கு அது கண்ணில் படவில்லை.

கண்ணில் பட்டது 2025 ஏப்ரல் 20ஆம் தேதி. அன்று ஈஸ்டர் ஞாயிறு. சந்தனமேரி வீட்டில் பிரியாணி. ஹரிணியைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். விருந்தாட்கள் வந்து பந்தி தள்ளிப்போய், பிள்ளைகளுக்கு இலை போடும்போது மணி இரண்டு இருபது. இரண்டரைக்குப் பொற்கொடி வேலியோரம் வந்து நின்று, "ஹரிணி, அப்பா வந்துட்டாங்க" என்றாள். பாதி இலையில் ஹரிணி எழுந்தாள். யாரையும் பார்க்காமல் கை கழுவிவிட்டு வந்து, போனுக்கு முன்னால் உட்கார்ந்து, நாற்பது நிமிடமும் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாள். அப்பா பீரியடு முடிந்ததும் நோட்டை மூடிவைத்தாள்.

"அம்மா, எனக்கு ஒரு ஞாயித்துக்கெழம வேணும்."

"அவ்வளவுதானா? அடுத்த வாரம் எடுத்துக்க."

"அடுத்த வாரம் மட்டும் இல்லம்மா. எல்லாருக்கும் இருக்கே, அந்த ஞாயித்துக்கெழம."

"சரி, வெள்ளிக்கெழமய மாத்திருவோம்."

"மாத்துனாலும் எனக்கு வராதும்மா. திங்கக்கெழம பள்ளிக்கூடம் போறவங்களுக்குத்தான் அது லீவு."

அதற்குமேல் பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. பொற்கொடிதான் கலங்கிப்போனாள். வெள்ளிக்கிழமைகளில் இந்தப் பிள்ளை என்ன செய்கிறாள் என்று அவள் அதுவரை யோசித்ததே இல்லை. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போய்விட்ட தெருவில், ஹரிணி சைக்கிளை எடுத்துக்கொண்டு தார்ச்சாலைவரை போய்த் திரும்பி வருவாள். மறுபடி போவாள். ஆறு வருடம் அதைப் பார்த்துவிட்டு, பிள்ளை நன்றாகச் சைக்கிள் ஓட்டுகிறாள் என்று தாய் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

காலக்கெடு ஒன்று இருந்தது. எட்டாம் வகுப்புவரைதான் வயதைப் பார்த்துப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். ஒன்பதுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்பார்கள். ஹரிணிக்கு ஆகஸ்டில் பதின்மூன்று முடிகிறது. வயதுப்படி இந்த ஜூனில் எட்டு. இப்போது சேர்க்காவிட்டால் இனி வீடுதான். திறந்தநிலைப் பள்ளி வழியாக நேரே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவேண்டியதுதான். பள்ளி திறக்கும் நாள் ஜூன் 2.

ஹரிணி கேட்டதை முப்பத்துமூன்று நாள் பொற்கொடி கணவனிடம் சொல்லவில்லை. அத்தனை நாளும் அவள் தனக்குத்தானே வாதாடிக்கொண்டிருந்தாள். கிணற்றின் ஆழத்தைக் கயிறும் கல்லும் வைத்து அளக்கிறாளே, எந்தப் பள்ளிக்கூடம் அதைச் சொல்லித்தரும்? மின்வாரிய அட்டையைப் பார்த்து அடுத்த ரீடிங் எவ்வளவு வரும் என்று சொல்கிறாளே? உண்மைதான். ஆனால் ஒரே பிள்ளை படிக்கும் வகுப்பில் முதலாவதும் அவள்தான், கடைசியும் அவள்தான். தெரியாத ஒன்றைப் பக்கத்தில் இருப்பவளிடம் கிசுகிசுத்துக் கேட்க அவளுக்கு ஆள் இல்லை. தன்முறை வரும்வரை காத்திருக்க அவளுக்குத் தெரியாது. தோற்றுவிட்டுச் சிரிக்கத் தெரியாது. இவற்றையெல்லாம் எந்தத் தாயும் தனியாகச் சொல்லிக்கொடுக்க முடியாது என்று பொற்கொடிக்குப் புரிந்துதான் இருந்தது. புரிந்த பிறகும் பள்ளியில் சேர்க்க ஏன் மனம் வரவில்லை என்பதுதான் அவளுக்கே விளங்கவில்லை.

அதை விளக்கியவள் சந்தனமேரி. மே 21ஆம் தேதி புதன்கிழமை. முந்திரிக் காலம். சந்தனமேரி கொட்டகையில் உட்கார்ந்து வறுத்த கொட்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் கறுத்திருந்தது. பொற்கொடி கூட உட்கார்ந்து பருப்பில் தோலை உரித்துக்கொடுத்தாள். பேச்சு எங்கெங்கோ போய், ஹரிணியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் வந்து நின்றது. பள்ளியில் கூட்டம் அதிகம், பஸ் நேரம் சரியில்லை, பிள்ளை கூச்சப்படுவாள் என்று பொற்கொடி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். சந்தனமேரி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கையை நிறுத்தாமலே சொன்னாள்.

"டீச்சரு, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. நீ ரெண்டரை மணிக்கு முன்னாடி சேலை மாத்துறியே, அது யாருக்கு?"

பொற்கொடி தோல் உரிப்பதை நிறுத்தினாள்.

"நானும் அஞ்சாறு வருசமா இங்கிட்டு உக்காந்து பாக்குறேன். மத்தியானமானா கல்யாண வீட்டுக்குப் போறவ மாதிரி கெளம்பி நிக்கிற. புள்ள படிக்கிறதுக்கு அவ அம்மா எதுக்குப் பூ வைக்கணும்?"

"போங்கக்கா."

"போறேன். எங்க போவேன், இங்கதான் கெடப்பேன். எம்புருசன் உள்ளூர்லயே இருந்தும் என்கிட்ட நாலு வார்த்த பேசுறதில்ல. ஒனக்கு நாப்பது நிமிசம் கெடைக்குது. அத விட்டுக்குடுக்க எனக்கே மனசு வராதுதான்." ஒரு கொட்டையைத் தட்டி உடைத்தாள். "ஆனா அந்த நாப்பது நிமிசத்துக்கு அந்தப் புள்ளயில்ல கட்டிப்போட்ட மாதிரி உக்காந்திருக்கு, கொடி."

பொற்கொடி மீதியிருந்த பருப்பை உரித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். வீட்டுக்கு வந்து குளித்தாள். அன்றைக்குச் சேலை மாற்றவில்லை. பழைய நைட்டியிலேயே அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தாள். போனில் அவன், "அம்மா எங்க?" என்று கேட்டபோது எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மே 23, வெள்ளிக்கிழமை. உதயசூரியனுக்கு ஓய்வுநாள். ஹரிணி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனபின் பொற்கொடி தானே அவனைக் கூப்பிட்டு, ஈஸ்டர் அன்று நடந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். தான் மறைத்த முப்பத்துமூன்று நாளையும் சேர்த்தே சொன்னாள். ஏன் மறைத்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவன் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

"நல்ல விசயந்தான" என்றான் கடைசியில். பிறகு சிரிக்கப் பார்த்தான். "அப்ப எனக்கு வேல போயிருச்சா?"

அவன் சொன்ன பிறகுதான் அவளுக்குச் சில விஷயங்கள் தெரியவந்தன. அறையில் எட்டுப் பேர். வேலையிடத்தில் எல்லோரும் அவனை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்களாம். மாடிப்படிக்கு அடியில் ஓர் ஒட்டுப்பலகைக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து அவனுக்கென்று வைத்திருக்கிறார்களாம். முந்தின இரவு படித்துக்கொண்டுதான் வகுப்புக்கு வருவானாம். அவன் பத்தாவதுக்குப் பிறகு ஐ.டி.ஐ. முடித்தவன். ஆறாம் வகுப்புப் பாடத்திலிருந்து அவனுக்கே திணறியதாம். சாப்பாட்டு நேரம் வகுப்பிலேயே போய்விடும். அதனால் ஆறு வருடமாக மத்தியானச் சாப்பாட்டை நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறானாம்.

"சொல்லவே இல்லயே நீங்க."

"சொன்னா நிறுத்திருவீங்கள்ல." கட்டிலில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். "சேத்துவிட்ரு, கொடி. எம்மக எனக்காகப் படிச்சது போதும்."

அவளுக்கு அந்த நேரத்தில் அவன்மேல் கோபம்கூட வந்தது. வேண்டாம் என்று அவன் சொல்லியிருந்தால், பழியை அவன்மேல் போட்டுவிட்டு இன்னும் இரண்டு வருடம் ஓட்டியிருக்கலாம்.

மே 28ஆம் தேதி மூவரும் பள்ளிக்குப் போனார்கள். மூன்றாவது ஆள் பிளெஸ்ஸி. அவள் படிக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி இரண்டு கிலோமீட்டர்தான். தலைமை ஆசிரியை அருணா விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தார். 'முன்பு பயின்ற பள்ளி' என்ற இடத்தில் பொற்கொடி 'வீடு' என்று எழுதியிருந்தாள். அருணா கண்ணாடியை இறக்கிக்கொண்டு அதை ஒருமுறை பார்த்தார். ஹரிணியிடம் ஒரு பக்கம் தமிழும் ஒரு பக்கம் ஆங்கிலமும் வாசிக்கச் சொன்னார். பிறகு, இந்த அறையின் மூலை சரியான செங்கோணம்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டார். ஹரிணி ஒரு கயிறும் அளவுகோலும் கேட்டாள். ஒரு சுவரில் மூன்றடி, மறுசுவரில் நான்கடி அளந்து, குறுக்கே கயிற்றைப் பிடித்து, ஐந்தடிக்கு அரை அங்குலம் கூடுதலாக இருக்கிறது, கொத்தனார் கொஞ்சம் விட்டுவிட்டார் என்றாள்.

"யாரும்மா இதச் சொல்லிக்குடுத்தது? அம்மாவா?"

"அப்பா, மிஸ். சாரம் கட்டுறப்ப இப்படித்தான் பாப்பாங்க."

"அப்பா ஊர்லதான் இருக்காங்களா?"

ஹரிணி தாயைத் திரும்பிப் பார்த்தாள். கத்தார் என்று பொற்கொடி சொன்னாள். அருணா வயதுக்கேற்ற வகுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் பிளெஸ்ஸி, தன் பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்றும், அதில் வேறு யாரும் உட்காராதபடி முதல்நாளே பையைப் போட்டுவிடப்போவதாகவும் சொல்லிக்கொண்டே வந்தாள். திரும்பும் வழி முழுக்க இருவரும் முன்னால் நடந்தார்கள். பொற்கொடிக்கும் அவர்களுக்கும் இடையில் இருபதடி இடைவெளி இருந்தது. அதைக் குறைக்க அவள் முயலவில்லை.

ஜூன் 2, திங்கட்கிழமை. எட்டு முப்பத்தைந்துக்கு இரண்டு சைக்கிள்களும் தெருமுனையைத் திரும்பின. பொற்கொடி உள்ளே வந்து கூடத்தில் கிடந்த நோட்டுகளை அடுக்கிவைத்தாள். சோறு வடித்தாள். துணி துவைத்தாள். பதினொன்றரைக்கே எல்லா வேலையும் முடிந்துவிட்டது. வீட்டில் இவ்வளவு நிசப்தம் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. பக்கத்துத் தோப்பில் மோட்டார் ஓடி நின்றது கேட்டது.

இரண்டு மணிக்கு மேல் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இனி அவன் இந்த நேரத்துக்குக் கூப்பிடமாட்டான். கூப்பிட வேலையில்லை. மத்தியானத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடலாம். சாயங்காலம் ஹரிணி வந்தபின் இரண்டு வார்த்தை பேசுவான். அதுதான் முறை. அப்படி நினைத்துக்கொண்டே போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள்.

இரண்டு முப்பத்திரண்டுக்குப் போன் அடித்தது.

எடுத்ததும் அவன் முகம் தெரிந்தது. மாடிப்படியின் அடிப்பக்கம் தெரிந்தது. பலகையைத் துடைத்து வைத்திருந்தான்.

"பாப்பா போயிருச்சா?"

"போயிட்டா."

"அழுதுச்சா?"

"இல்ல. திரும்பிப் பாத்துச் சிரிச்சா."

"ம்."

அவன் வேறு எங்கோ பார்த்தான். அவளும் பார்த்தாள். பாடம் இல்லாமல், பிள்ளை நடுவில் இல்லாமல் அந்த நேரத்தில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அவனுக்குக் காதோரம் நரைத்திருந்ததை அவள் அப்போதுதான் சரியாகக் கவனித்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. அடுப்படி வாசலிலிருந்து பார்த்தால் போனின் முதுகுதான் தெரியும்.

"சும்மாதான் கூப்புட்டேன்" என்றான். "கை தானா போயிருச்சு. வச்சிரட்டா?"

"என்னங்க."

"சொல்லு."

ஆறு வருடமும் நூற்றுப் பதினான்கு நாளும் ஆகியிருந்தன அவன் போய். அதில் ஒருமுறைகூடச் சொல்லாத வார்த்தை ஒன்று இப்போது அவள் வாயில் வந்து நின்றது. திருச்சி விமான நிலையத்தில் அவனை விட்டுவிட்டுத் திரும்பியபோது சொல்லவில்லை. கொரோனாவில் அவனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்ட அன்று சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் பாடம் ஒன்று இருந்தது, பிள்ளை உட்கார்ந்திருந்தாள், நாளைக்கு இரண்டரை மணி வந்துவிடும்.

"வந்துருங்க" என்றாள்.

அவன் போனைக் கீழே வைத்துவிட்டான் போலிருக்கிறது. படிக்கட்டின் அடியும் ஒரு குழல்விளக்கும்தான் தெரிந்தன. யாரோ இந்தியில் எதையோ கேட்டுக்கொண்டே கடந்துபோனார்கள். பொற்கொடி காத்திருந்தாள். போனைத் திரும்ப எடுத்தபோது முகத்தைத் தோள்துண்டால் துடைத்திருந்தான்.

"அடுத்த மார்ச் வரைக்கும் கையெழுத்துப் போட்டுருக்கேன், கொடி."

"தெரியும்."

"அதுக்கப்பறம் என்னன்னு இப்ப எனக்குச் சொல்லத் தெரியல."

"சொல்ல வேணாம். நான் சொல்லணும்னு சொன்னேன்."

வேலைக்குக் கூப்பிடும் மணி அங்கே அடித்தது. அவன் எழுந்து நின்று, போகாமல், போனைக் கிட்டத்தில் கொண்டுவந்தான்.

"நாளைக்கு இதே நேரத்துக்குக் கூப்புடட்டா?"

பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு முதல்முறை போன் செய்தபோது அவன் குரல் அப்படித்தான் இருந்தது. அவள் தலையாட்டினாள். அது திரையில் தெரிந்ததோ என்னவோ என்று வாயாலும் சொன்னாள்.

"கூப்புடுங்க."

"என்ன பேசுறது நம்ம?"

"எனக்கும் தெரியல. கூப்புடுங்க."

மூன்று எட்டுக்கு அழைப்பு நின்றது. பள்ளி விட இன்னும் ஒரு மணி நேரமும் இரண்டு நிமிடமும் இருந்தன. பொற்கொடி போனை மடியில் வைத்துக்கொண்டு, மகள் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.